பிள்ளையிடம் நேராகக் கேட்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஊரும் பேரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறோம்.

அவர்களுடைய மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான், மூன்றாம் ஆண்டு. தகப்பனார் சபரில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்த பிள்ளை மாடியறையை விட்டு இறங்குவதில்லை. முன்பெல்லாம் வந்த அன்றே தங்கச்சியோடு சண்டைபிடித்து வீட்டை இரண்டாக்குகிறவன், இப்போது அவள் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்பதில்லை. ஐந்து பாடங்கள் அரியராகக் கிடக்கின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது. நான் இல்லாவிட்டால் வாப்பாவுக்குச் செலவாவது மிச்சமாகும் என்று ஒருநாள் சொன்னானாம். கைக்கடிகாரத்தைச் சாச்சா மகனுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், தப்பு ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஹக்கை ஹலாலாக்கிவிடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். பிள்ளைக்குத் தீன்பற்று வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். தாயின் வயிறு மட்டும் கலங்கியது.

ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். தாய்மாமனோ, 'ஐந்து வேளையும் ஒழுங்காகத் தொழுதால் இந்தக் கவலையெல்லாம் வருமா? எல்லாம் ஈமான் பலவீனம்' என்று பையன் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். இந்த நிலையில் விடுதியில் அவனோடு அறையில் இருக்கும் மாணவன் தொலைபேசியில் பேசியிருக்கிறான். 'மாமி, எங்கள் கல்லூரியில் இதற்கென்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவன் பேச்சும் நடப்பும் எனக்குப் பயமாக இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா என்று அவனிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்' என்றானாம்.

அந்தத் தாயாரின் கேள்வி இது: இல்லாத எண்ணத்தை நாமே கேட்டு உண்டாக்கிவிட மாட்டோமா? அப்படிப்பட்ட ஹராமான சொல்லைப் பெற்றவள் வாயால் எடுக்கலாமா?

இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் அன்று இது. ஆதலால் கடிதம் கிடைத்த அன்றே அவர்களோடு பேசி, கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள், கேட்டபின் தனியாக விடாதீர்கள் என்று சொல்லிவிட்டோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை எல்லாக் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டுமாகையால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பயிற்சியைப் பற்றி. மாரடைத்து விழுந்தவனுக்கு வைத்தியர் வரும்வரை பக்கத்திலிருப்பவர் நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யக் கற்றுக்கொள்வதுபோல, மனம் ஒடிந்தவனுக்கும் பக்கத்திலிருப்பவர் செய்யக்கூடிய முதலுதவி உண்டு என்ற எண்ணத்தில் பிறந்தது இது. பால் குவின்னெட் என்ற அமெரிக்க மனவியல் அறிஞர் 1995-ல் இதை மூன்று படிகளாக வகுத்தார்: கேள், உதவி பெற இணங்கச் செய், உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர். ஆஸ்திரேலியாவில் 2000-ல் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சியும் ஏறக்குறைய இதே வழியில் செல்வது. இவற்றைக் கற்றுக்கொள்ள வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. விடுதிக் காப்பாளர், வகுப்பாசிரியர், சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர், எல்லாருக்கும் மேலாக உடன் தங்கும் மாணவர்கள் ஆகியோருக்கே இது கற்பிக்கப்படுகிறது. காரணம் எளியது. பத்தொன்பது வயதுப் பையன் தன் மனத்தில் இருப்பதை வைத்தியரிடம் போய்ச் சொல்வதில்லை. வாப்பாவிடம் சொல்லவே மாட்டான். இரவு விளக்கணைத்த பிறகு பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனிடம்தான் சொல்வான்.

நம் நாட்டில் இது ஏதோ நகரத்துப் புதுமோகம் என்று எண்ணிவிட வேண்டாம். தேசியக் குற்றப் பதிவகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவ மாணவியர். ஒரு நாளைக்கு முப்பத்தைந்துக்கும் மேல் என்று வருகிறது. அதாவது ஒரு வகுப்பறை. இதைக் கண்டு 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், ஆசிரியருக்கும் ஏனைய ஊழியருக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது இந்தப் பயிற்சி அளிக்க வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணம் எவ்வளவு, சாப்பாடு ஹலாலா, பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா என்று விசாரிக்கிறோம். ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவைப்பதில் தவறில்லை.

இனி தாயாரின் கேள்விக்கு வருவோம். கேட்டால் எண்ணம் உண்டாகிவிடும் என்பது நம்மவரிடம் மட்டுமன்று, உலகமெங்கும் இருக்கிற பயம். இதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பதே அவர்கள் கண்டது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவனுக்கு, அப்பாடா, ஒருவராவது கேட்டாரே என்று பாரம் இறங்குகிறது. அந்த எண்ணம் இல்லாதவனோ, 'ஏன் உம்மா இப்படிக் கேட்கிறீர்கள்?' என்று சிரித்துவிட்டுப் போவான். நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் கேட்கும் விதம் உண்டு. 'அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நாமே அவன் வாயில் ஊட்டிவிடுகிறோம். வீட்டார் கூடியிருக்கும்போது கேட்கக்கூடாது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் கேட்கக்கூடாது. தனியாக, நேரம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, 'நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை வாப்பா. செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நமக்கு இதுதான் கடினம். பிள்ளை ஒரு வார்த்தை சொல்லுமுன் நாம் ஒன்பது உபதேசம் செய்துவிடுவோம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையில் இதற்கு அழகான பாடம் இருக்கிறது. அபூதாவூதில் பதிவாகியிருக்கும் செய்தி. அறிவிப்பாளர் தொடரில் சிலர் குறை கூறியிருப்பினும் உலமாக்கள் காலங்காலமாக எடுத்துச் சொல்லி வருவது. அபூ உமாமா (ரலி) என்ற அன்ஸாரித் தோழர் ஒருநாள் தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வருகிறார்கள், பார்க்கிறார்கள். தொழுகை நேரமல்லாத வேளையில் இங்கே உட்கார்ந்திருக்கிறீரே, என்ன காரணம் என்று விசாரிக்கிறார்கள். கவலைகளும் கடன்களும் பிடித்துக்கொண்டன என்கிறார் தோழர். அதன் பிறகுதான் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இயலாமையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தத் துஆவை நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதற்கு முன் நடந்ததைத்தான் மறந்துவிட்டோம். ஒரு மனிதர் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கவனித்தது முதலாவது. கூச்சப்படாமல் கேட்டது இரண்டாவது. சொன்ன காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்டது மூன்றாவது. துஆ நான்காவதாக வந்தது. பள்ளியில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, நல்ல பக்திமான் என்று மெச்சிவிட்டுப் போய்விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தக்காரர் வீடெல்லாம் போய் ஹக்கை ஹலாலாக்கக் கேட்ட பையனை நாம் என்ன செய்தோம்?

ஹக்கை மன்னிக்கக் கேட்பது நல்ல அமல்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் கேட்பார், ரமலானுக்கு முன் கேட்பார்கள். எந்தப் பயணமும் இல்லாத இளைஞன், உண்ணாமல் உறங்காமல் இருப்பவன், பொருள்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டால் அதை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். திடீரென்று தொழுகையை விட்டுவிடுவதும் அடையாளமாகலாம். இரவெல்லாம் அழுது தொழுது, அல்லாஹ் என்னை மன்னிக்கவே மாட்டான் என்று சொல்வதும் அடையாளமாகலாம். நெடுநாள் கலங்கியிருந்தவன் காரணமின்றி ஒரே நாளில் அமைதியாகிவிட்டால் நிம்மதி அடைந்துவிடாமல் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

இனி மாமனாரின் வாக்கைப் பார்ப்போம். ஈமான் பலவீனம் என்றாரே, அது சரியா?

மர்யம் (அலை) அவர்களைவிட ஈமானில் உயர்ந்த பெண்மணி யார்? பிரசவ வேதனையும் ஊராரின் பழியும் சேர்ந்து நெருக்கியபோது, இதற்கு முன்பே நான் மரித்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்ற பொருளில் அவர்கள் புலம்பியதைத் திருக்குர்ஆன் மர்யம் அத்தியாயத்தில் மறைக்காமல் சொல்கிறது. அதற்கு அல்லாஹ் கொடுத்த பதில் என்ன? கண்டனம் வரவில்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதல் வந்தது; காலடியில் நீரோடை வந்தது; பேரீச்ச மரத்தை உலுக்கினால் பழம் விழும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திருப்பீராக என்ற கட்டளை வந்தது. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப் போகும்வரை அழுதார்கள். அவர்கள் நபி! துயரத்தை ஈமானின் குறை என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

நோய் வேறு, பாவம் வேறு. நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 322-ல், அதாவது கி.பி. 934-ல், மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல்களின் நலத்தையும் ஆன்மாக்களின் நலத்தையும் பற்றி எழுதிய நூலில் துயரத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம். முந்தியதற்கு ஆறுதல் வார்த்தையும் சிந்தனையும் மருந்து. பிந்தியது உடலிலிருந்து எழுவதால் உடலுக்கு வைத்தியம் வேண்டும் என்கிறார். இன்றைய மனவைத்தியரும் ஏறத்தாழ இதையே சொல்கிறார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கென்றே தனிப்பகுதி இருந்தது. அப்படிப்பட்ட உம்மத்தில் வந்த நாம், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைப் பார்க்க நேர்ந்தது. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஷிர்க் கலவாத ஓதல் ஸுன்னத்தில் உள்ளதே. நாயகம் (ஸல்) அவர்கள் மருந்து செய்யவும் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். ஓதிய தண்ணீர் ஒரு கையிலும் வைத்தியர் சீட்டு மறு கையிலும் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

தன்னுயிரைப் போக்கிக்கொள்வது பெரும்பாவம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் அதைத் தடுக்கிறது. தடுத்த கையோடு அல்லாஹ் உங்கள்மீது இரக்கமுடையவன் என்று அதே வசனம் முடிவதையும் ஓத வேண்டும். ஹதீஸ்களிலும் கடுமையான எச்சரிக்கைகள் உள்ளன. ஆரோக்கியமாக இருப்பவனுக்கு அவை வேலி. ஆனால் வேலியைத் தாண்டும் நிலையில் மூச்சுத் திணறி நிற்பவனிடம் நரகத்தை மட்டும் பேசினால், ஏற்கெனவே அல்லாஹ் என்னை வெறுத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டிருப்பவன் என்ன முடிவுக்கு வருவான்? அவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. துன்பம் காரணமாக மரணத்தை ஆசைப்பட வேண்டாம், ஆசைப்பட்டே தீர வேண்டுமானால் வாழ்வு எனக்கு நலமாக இருக்கும்வரை வாழவை என்ற கருத்தில் துஆச் செய்யட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆசைப்பட்டே தீர வேண்டுமானால் என்ற அந்த வார்த்தையில் எவ்வளவு இரக்கம்! அப்படி ஒரு நிலை மனிதனுக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆம் உம்மா, தோன்றுகிறது என்று பிள்ளை சொல்லிவிட்டால்? இரண்டாம் படியும் மூன்றாம் படியும் அங்கேதான் தொடங்குகின்றன. அலறக்கூடாது, அடிக்கக்கூடாது, குர்ஆன்மீது சத்தியம் வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடவும் கூடாது. என்னோடு வைத்தியரிடம் வருகிறாயா என்று கேட்டு, சரி என்ற ஒரு சொல்லை வாங்க வேண்டும். அதுவரையிலும் அதன் பிறகும் சில நாட்கள் அவனைத் தனியே விடக்கூடாது. வீட்டிலுள்ள மாத்திரைகள், வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து போன்றவற்றை அக்கம்பக்கத்து வீட்டுக்காவது அனுப்பிவிட வேண்டும். இந்த உந்துதல் பெரும்பாலும் அலைபோல் எழுந்து சில நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிடும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்துபோனது உலகம் முழுவதும் எடுத்துச் சொல்லப்படும் உண்மை.

தோழர்களுக்கு ஒரு தர்மசங்கடம் வரும். 'யாரிடமும் சொல்லாதே, அல்லாஹ் மீது ஆணையாக' என்று நண்பன் கேட்பான். வாக்கு அமானிதம் ஆயிற்றே! பயிற்சியில் முதல் பாடமாகச் சொல்வது, அந்த வாக்கைக் கொடுக்காதே என்பது. மார்க்கமும் அதையே சொல்கிறது. சபையில் பேசப்படுவது அமானிதம் என்று சொன்ன ஹதீஸிலேயே, உயிர்க்கொலை பற்றிய பேச்சு அதில் சேராது என்று விலக்கு இருக்கிறது. வாக்குத் தவறினான் என்று கோபித்துக்கொள்ள நண்பன் உயிரோடு இருக்கட்டும். அந்தத் தாயாருக்குத் தொலைபேசி செய்த மாணவன் மிகச் சரியான காரியம் செய்தான்.

எங்கே கொண்டுபோவது? 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு உதவி எண்; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்களும் பேசுவதைக் கேட்பதற்கென்றே இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஆபத்து கைமீறிய நிலையானால் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிள்ளையை இழந்த குடும்பங்கள் உண்டு. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போய்விட்டது.

இன்னொரு பயம் வழக்கைவிடப் பெரியது: ஊர் என்ன சொல்லும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருவானா? நம் மஹல்லாக்களில் இதனால்தான் நோய் அறைக்குள்ளேயே பூட்டப்படுகிறது. இதில் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கேனும் அப்படியொரு மௌத்து நேர்ந்துவிட்டால் சில ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கே தடை சொல்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் விட்டது பிறருக்கு எச்சரிக்கையாக. தோழர்கள் தொழுதார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் விளக்கி, ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி இமாம்கள் உட்பட பெரும்பான்மையோர் தொழவே வேண்டும் என்பதை எடுத்து எழுதுகிறார்கள். துஃபைல் (ரலி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு இறந்தார். அவர் மன்னிக்கப்பட்டும் கைகள் மட்டும் குறையோடு இருப்பதாகத் துஃபைல் கனவு கண்டார். அதை நாயகத்திடம் சொன்னபோது, அந்தக் கைகளையும் மன்னிக்கும்படி அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. நாயகம் இறைஞ்சிய இடத்தில் நாம் பள்ளிக் கதவைச் சாத்தினால், உள்ளே அழுதுகொண்டிருக்கும் தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

நமக்குக் கடிதம் எழுதிய தாயாரிடமிருந்து சென்ற வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. அன்றிரவே மாடிக்குப் போய்க் கேட்டார்களாம். பிள்ளை வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, மடியில் தலை வைத்து அழுதானாம். மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். இப்போது வாரம் ஒருமுறை போய்வருகிறார்கள். கல்லூரியில் ஒரு பருவம் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். தகப்பனார் சபரிலிருந்து வந்து பையனோடு இருக்கிறார். ஐந்து அரியரும் அப்படியேதான் இருக்கின்றன. தங்கச்சியோடு ஒருநாள் சண்டை வந்ததை அந்தத் தாயார் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு மஸ்அலா கேட்டிருக்கிறார்கள்: மாத்திரை சாப்பிடும் பிள்ளை ரமலான் நோன்பு பிடிக்கலாமா? நோயாளிக்கு அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் கொடுத்திருக்கும் சலுகை மனநோயாளிக்கும் உண்டு. சில மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை மாற்ற முடியாது, தண்ணீர் குறைந்தாலே கேடு செய்பவையும் உண்டு. எது எப்படி என்பதை வைத்தியரிடம் ரமலானுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது. அவர் வேண்டாமென்றால் இப்போது விட்டுவிட்டு, குணமான பின் களாச் செய்துகொள்ளட்டும்.